சோத்தாங்கை எந்தக் கை?

எட்டாம் வகுப்பில் முக்காலை மூன்றில் இரண்டால் பெருக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் வலது கை விரல்கள் என்னைக் கேட்காமல் ஆட ஆரம்பித்தன. சமக்குறி வரைக்கும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் சாக்பீஸ் கரும்பலகையில் டக்டக்கென்று தட்டிவிட்டுக் கீழே விழுந்தது. விரல்கள் நிற்கவில்லை, காற்றில் தபேலா வாசித்துக்கொண்டிருந்தன. டீச்சர் வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு அந்தக் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டேன். ஆட்டம் அடங்கியபின் அது கொஞ்ச நேரம் ஈரத்துணியாகத் தொங்கியது. சமக்குறிக்குப் பக்கத்தில் விடை எழுதாமலே மணி அடித்துவிட்டது.

என் பெயர் சியாமளா. மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விருதுநகரிலிருந்து கல்யாணமாகி தில்லிக்கு வந்து பாதி வாழ்க்கை ஓடிவிட்டது. என் வீட்டுக்காரர் மாசிலாமணி ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். கத்தரிக்காய் வாங்குவதென்றால்கூட நாலு பேரைக் கலந்துகொண்டு முடிவெடுக்கிற மனிதர். என் விரல் ஆடிய கதையைக் கேட்டதும் யாரையும் கலக்காமல் நேரே போய் ஆட்டோவோடு வந்து வாசலில் நின்றார். அதைப் பார்த்த பிறகுதான் இது விளையாட்டு விஷயமில்லை என்று எனக்குப் புரிந்தது.

டாக்டர் சுஷ்மா மூளை அறுவை நிபுணர். பஞ்சாபிக்கார அம்மாள். ரகசியம் பேசினாலும் வராந்தா வரைக்கும் கேட்கும். என் மண்டையின் படத்தைத் திரையில் போட்டு இடது பக்கத்தில் ஓர் இடத்தில் பேனாவை வைத்தார். "ஷஹ்தூத்," என்றார். கோடை தொடங்கும்போது தில்லியில் மரத்தடியெல்லாம் கொட்டிக் கிடக்குமே, அந்த மல்பெரிப் பழம். ரத்தக் குழாய்கள் பின்னி முடிச்சாகி, அச்சு அசல் அதே வடிவத்தில் என் மூளைக்குள் வெகுநாளாகவே உட்கார்ந்திருக்கிறதாம். இப்போது லேசாகக் கசிகிறது. விரல் ஆடுவது அதனால்தான்.

மூளையின் இடது பாதிதான் வலது கையை ஆட்டி வைக்கிறது. ஷஹ்தூத் குடியிருந்தது கைக்கு உத்தரவு போடும் இடத்துக்கு மிகப் பக்கத்தில். பக்கத்து வீடா, அதே வீடா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீடு என்றால் எடுத்துவிடலாம், ஆட்டம் நிற்கும். அதே வீடு என்றால் தொடவே முடியாது, தொட்டால் கை போய்விடும். தொடாமல் விட்டாலோ, ஒரு நாள் பெரிதாகக் கசிந்து அப்போதும் கை போகலாம்.

"இப்பல்லாம் ஸ்மார்ட் போர்டு வந்திருச்சே," என்றார் என் வீட்டுக்காரர், வெளியே வந்ததும், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"அதையும் கையாலதான் தொடணும்," என்றேன்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கணக்கை வாயால் சொல்லித் தர முடியாது. ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரி கையிலிருந்து இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்குப் புரிகிறது. தவிர, இந்த வலது கை எழுதப் பழகிய பாடு எனக்கல்லவா தெரியும்? அது தனிக் கதை, அதற்கு வருகிறேன். கை போகக் கூடாது, அவ்வளவுதான். டாக்டரிடமும் சாமியிடமும் நான் வேறொன்றும் கேட்கவில்லை.

கை குடியிருக்கும் வீட்டைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர் மாதவ். ஸ்கேன் பிரிவில் விஞ்ஞானி. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, முப்பதைத் தாண்டியும் முகத்தில் பால் வடியும். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

"வாங்கோ ஆன்ட்டி."

"அக்கான்னு கூப்பிடுங்க தம்பி."

"அச்சா, அக்கா. நாம தமிழ்லயே பேசலாம். தமிழாளோட போய் ஹிந்தில பேசினேன்னு தெரிஞ்சா எங்கம்மா விட மாட்டா."

தில்லிக் காய்கறி வண்டிக்காரர்களோடு சண்டை போட்டே நான் வளர்த்த ஹிந்தி, அவருடைய தமிழைவிடத் திடமாகத்தான் இருக்கும். அதைச் சொல்லி அந்தப் பிள்ளையின் ஆசையைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எடுக்கப்போவது இரண்டு படம் என்றார். ஒன்று உருவப் படம். மூளையின் மேடு பள்ளமெல்லாம் துல்லியமாகத் தெரியும், ஆனால் எந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று தெரியாது. இன்னொன்று வேலைப் படம். கையை ஆட்டினால் எந்த இடத்துக்கு ரத்தம் கூடுதலாக ஓடுகிறது என்று காட்டும், ஆனால் கலங்கலாக இருக்கும். கலங்கலை உருவப் படத்தின் மேல் சரியாகப் பொருத்திப் பார்த்தால்தான் விலாசம் கிடைக்கும். ஒன்றுக்குக் கண் இல்லை, இன்னொன்றுக்குக் கால் இல்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

நர்ஸ் சாவித்திரி, ஹரியானாக்காரப் பெண், எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். வலது கை என்றேன். பிறகு என் வலது நெற்றிப் பொட்டில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை டேப் போட்டு ஒட்டினாள்.

"இதை முழுங்கறதுன்னுல்ல கேள்விப்பட்டிருக்கேன்," என்றேன்.

மாதவ் சிரித்தார். "எண்ணெய் படத்துல பளிச்சுனு தெரியும் அக்கா. கம்ப்யூட்டர்ல சில சமயம் படம் கண்ணாடில பாக்கற மாதிரி பக்கம் மாறிடும். மாறித்துன்னா இந்த மாத்திரை காட்டிக் குடுத்துடும்."

குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே நல்ல குளிர், கழுத்து வரை போர்வை போர்த்தினார்கள். யாரோ தகரத்தைச் சுத்தியால் அடிக்கிற மாதிரி ஒரே சத்தம். அதற்கு நடுவே ஹெட்போனில் மாதவின் குரல் கேட்டது.

"அக்கா, சோத்துக்கை. விரலை ஒவ்வொண்ணா கட்டைவிரலால தொடுங்கோ. ஜல்தி வேண்டாம், மெதுவா."

தொட்டேன். போதும் என்றார், நிறுத்தினேன். மறுபடி சோத்துக்கை என்றார், மறுபடி தொட்டேன். போர்வைக்குள் நான் செய்ததைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது. நல்ல பெண்ணாகச் சொன்னதைச் செய்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் போனபோது டாக்டர் சுஷ்மாவின் குரல் லிஃப்ட் வரைக்கும் கேட்டது. "க்யா பாத் ஹை! க்யா பாத் ஹை!" பிரமாதம், பிரமாதம்!

திரையில் என் மூளை. இடது பக்கம் ஷஹ்தூத் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. வலது பக்கத்தில், எட்டாத தூரத்தில், ஒரு மஞ்சள் பொட்டு ஜொலித்தது. கை ஆடியபோது வேலை செய்த இடம் அதுதானாம்.

படம் பக்கம் மாறிப்போயிருக்குமோ என்று முதலில் மாதவுக்கே சந்தேகம் வந்து, பொழுதெல்லாம் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். மீன் எண்ணெய் மாத்திரை உருவப் படத்தில் சரியாக வலது நெற்றியில் மின்னியது. வேலைப் படமும் அதன் மேல் மடிப்புக்கு மடிப்பு பிசகாமல் பொருந்தியது. மாறவில்லை, திரும்பவில்லை.

"இந்த முடிச்சு சின்ன வயதிலேயே வந்திருக்க வேண்டும்," என்றார் டாக்டர் சுஷ்மா ஹிந்தியில். "மூளை புத்திசாலித்தனமாகக் கையின் குடித்தனத்தை அந்தப் பக்கம் மாற்றிவிட்டது. கேள்விப்படாத விஷயமில்லை. பழைய வீடு காலி. கவலையில்லாமல் எடுத்துவிடலாம். தேதி குறிக்கட்டுமா?"

மாசிலாமணி வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக யாரையும் கலக்காமல் ஒரு காரியம் செய்தார். ஓடிப்போய் மோத்திச்சூர் லட்டு வாங்கிவந்து நர்ஸ், வாட்ச்மேன், லிஃப்டில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் நீட்டினார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. என் மூளைக்கு இவ்வளவு சாமர்த்தியம் உண்டென்று என் மாமியார் ஒரு நாளும் நம்பியதில்லையே என்று அந்தச் சந்தோஷத்திலும் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமர நிழலில் கேரியரைத் திறந்தோம். மாதவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தேன். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். அவருக்கு ஒரு தட்டும் ஸ்பூனும் கொடுத்துவிட்டு, என் தட்டில் சாதத்தைப் போட்டுப் பிசைய ஆரம்பித்தேன்.

மாதவின் ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

"அக்கா, நீங்க எந்தக் கையால சாப்பிடறேள்?"

"இதென்ன தம்பி கேள்வி? சோத்தாங்கையாலதான்."

அவர் என் இடது கையையே பார்த்தார். நானும் பார்த்தேன். சாம்பார் விரலிடுக்கில் வழிந்தது.

"இதா? இதா சோத்துக்கை?"

"ஆமா. சோறு திங்குற கை."

"ஹே பகவான்," என்றார் மாதவ். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "குழாய்க்குள்ள இதையா ஆட்டினேள்?"

"வேற எதை ஆட்டுவாங்க? நீங்கதான சொன்னீங்க?"

இப்போது அந்தத் தனிக் கதையைச் சொல்லியாக வேண்டும். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. ஒன்றாம் வகுப்பில் ஒரு டீச்சரம்மாள் ஸ்கேலால் விரல் முட்டியில் போட்டுப் போட்டு வலது கைக்கு எழுத்தை மாற்றினாள். வீங்கின முட்டியோடு வந்து நின்ற என்னைப் பார்த்து என் அம்மா பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டாள், தோற்றாள். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்துச் சொன்னாள், "எழுதுறது அவ சொன்ன கையில எழுது. திங்குறது என் வீட்டுல. உன் சோத்தாங்கை இதுதான்." என் இடது கையைப் பிடித்துத் தட்டில் வைத்தாள். அத்தைமார் முகம் சுளித்தார்கள், ஊரே பேசியது. அம்மா அசையவில்லை. கல்யாணப் பந்திகளில் பக்கத்து ஆளின் முழங்கையோடு இடிக்காமலிருக்க என்னை எப்போதும் வரிசையின் இடது ஓரத்தில் உட்கார்த்துவாள், யாராவது ஏதாவது சொன்னால் நேருக்கு நேர் முறைப்பாள். ஊருக்கெல்லாம் சோத்தாங்கை என்றால் வலது கை. எனக்கு மட்டும் ஆறு வயதிலிருந்து நாற்பத்தாறு வரை அது இடது கை, அந்தச் சொல் காதில் விழுந்தாலே யோசிக்காமல் அதுதான் அசையும்.

"வலது, இடதுன்னா எனக்கு எப்பவுமே குழம்பிடும் அக்கா," என்றார் மாதவ் பரிதாபமாக. "சோத்துக்கைன்னா மட்டும்தான் சந்தேகமே வராது. தட்டுல இன்னொரு கை பட்டா எங்கம்மா பட்டுனு ஒண்ணு போடுவா, அப்படியே மனசுல நின்னுடுத்து."

மாசிலாமணி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டுவிட்டார். அவருக்குத்தான் முதலில் உறைத்தது. "அப்ப அந்தப் பக்கம் காலி வீடு இல்லையா?"

காலி வீடில்லை. கதவைத் தட்டியே பார்க்காத வீடு. அதைத்தான் டாக்டர் கவலையில்லாமல் திறக்க இருந்தார். நினைக்க நினைக்க முதுகு சில்லிட்டது. அதே நேரத்தில் எனக்குச் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. மீன் எண்ணெய் வரைக்கும் யோசித்த விஞ்ஞானத்தை ஒரு பிடி சாம்பார் சாதம் கவிழ்த்துவிட்டதே என்று சிரித்தேன், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மாதவ் என்னைப் பயந்துபோய்ப் பார்த்தார்.

டாக்டர் சுஷ்மாவிடம் அவரைத் தனியே அனுப்ப மனசில்லை. நானே முன்னால் போய் ஹிந்தியில் விளக்கினேன். தமிழில் வலது கைக்கு 'சாப்பிடும் கை' என்று ஒரு பெயர் உண்டு, தம்பி அதைச் சொன்னார், எனக்குச் சாப்பிடும் கை இது, தம்பி மேல் தப்பில்லை, என் மேலும் இல்லை. டாக்டர் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசையைத் தட்டிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "உங்கள் மொழியில் கைக்கு இன்னும் எத்தனை பெயர் இருக்கிறது? எல்லாவற்றையும் இப்போதே சொல்லிவிடுங்கள்!" சிரிப்பு நின்றதும், குறித்த தேதியை ஒரே கோடாக அடித்தார். "மறுபடி படம்," என்றார்.

இந்தத் தடவை மாதவ் எந்த மொழியையும் நம்பவில்லை. கோயிலில் கட்டிவிடுவார்களே சிவப்பு நூல், அதில் ஒரு துண்டு வாங்கி வந்திருந்தார். சுத்தப் பருத்தி, ஜரிகை கலக்காதது. வலது மணிக்கட்டில் கட்டச் சொல்லி நர்ஸ் சாவித்திரியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போனார். சாவித்திரி பக்தியோடு என் இடது கையைப் பிடித்துக் கட்டப் போனாள்.

"அரே, தாயாங், தாயாங்!" உள்ளேயிருந்து மாதவ் ஓடிவந்தார். வலது, வலது!

"கல்யாணமான பெண்களுக்கு இடது கையில்தான் கட்ட வேண்டும்," என்றாள் சாவித்திரி கண்டிப்பாக. "எங்கள் ஊரில் அதுதான் முறை."

மாதவ் சுவரில் சாய்ந்துவிட்டார். கடைசியில் என் வலது கையை நானே நீட்டி, அவரே கட்டி, இழுத்துப் பார்த்து, கண்ணாலும் ஒரு தடவை சரிபார்த்துவிட்டுப் போனார். ஹெட்போனில் குரல் வந்தது. "அக்கா, கயிறு கட்டின கை."

கயிறு கட்டிய கையை ஆட்டினேன். எழுதும் கை. ஸ்கேலுக்குப் பயந்து எழுதப் பழகிய கை.

மஞ்சள் பொட்டு இந்தத் தடவை இடது பக்கம் வந்தது. வந்து நேராக ஷஹ்தூத்தின் மேல் உட்கார்ந்தது. பழத்தின் பாதியை மூடிக்கொண்டு, ஒரே கட்டியாக. பக்கத்து வீடில்லை, அதே வீடு. டாக்டர் சுஷ்மா அதைப் பார்த்தார். அந்தக் குரல் மௌனமாக இருந்ததை அன்றுதான் கேட்டேன். மாசிலாமணி என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார், எல்லார் முன்னாலும். இருபத்தோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அப்படிச் செய்கிறவரல்ல.

"மேடம், இந்தப் பொட்டு உண்மையில் இவ்வளவு பெரியதில்லை," என்றார் மாதவ் ஹிந்தியில். "எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்."

அப்புறம் என்னைத் தம் அறைக்குக் கூட்டிப்போய் தமிழில் விளக்கப் பார்த்தார். பாதியில் தமிழ் தீர்ந்துபோய் ஹிந்தி வந்தது, அதுவும் தீர்ந்து கையை ஆட்டினார். நான் புரிந்துகொண்டது இதுதான். வேலைப் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் உளுந்து அளவு. உருவப் படத்தின் புள்ளி கடுகு. உளுந்துப் புள்ளிகளில் பொய் மினுக்கல் அதிகம் என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றையும் பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து குழைக்கிறது. நடுவில் பள்ளம் இருக்கிறதா, அந்தப் பக்கம் வேறு மடிப்பா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

"மூளை ஒரு ஷீட்டு அக்கா. மடிச்சு மடிச்சு உள்ள திணிச்சிருக்கு. ஒட்டி ஒட்டி இருக்கற ரெண்டு இடம், விரிச்சா எங்கேயோ எங்கேயோ இருக்கும். எப்படிச் சொல்றது..."

"இருங்க," என்றேன். மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை எடுத்து விசிறி மடிப்பாக மடித்தேன். அடுத்தடுத்த இரண்டு மடிப்பின் உச்சியில் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். "ஏழாம் வகுப்புக்கு நான் நடத்துற பாடம் இது. ஈ இங்கேருந்து அங்கே பறந்துடும், ஒரு தாவல். எறும்பு என்ன பண்ணும்? பள்ளத்துல இறங்கி, அடியில போய், திரும்ப ஏறணும். உங்க கம்ப்யூட்டர் ஈ மாதிரி அளக்குது. எறும்பு மாதிரி அளக்கச் சொல்லுங்க."

மாதவ் அந்தத் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதேதான் அக்கா. இதைத்தான் நான் பண்றேன். உருவப் படத்துலேருந்து உங்களோட மடிப்பையே அப்படியே எடுத்துண்டு, அந்த ஷீட்டு மேலயே நடந்து போய்க் கலக்கணும். குறுக்கால தாவப்படாது." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார், "மீட்டிங்ல இதை ஸ்லைடு ஸ்லைடா போட்டேன், ஒருத்தருக்கும் புரியலை. எறும்புன்னு சொல்லியிருக்கலாம்."

அந்த ஒரு வாரம் நான் வீட்டில் இட்லி ஊற்றினாலும் தோசை ஊற்றினாலும் என் மண்டைக்குள் எறும்பு நடந்துகொண்டிருந்தது. கூப்பிட்டார்கள், போனோம். மாதவ் திரையில் என் மூளையை விரித்துப் போட்டிருந்தார், கசங்கிய சேலையை நீவி உதறிய மாதிரி. ஒரு பள்ளம், அதற்கு இரண்டு கரை. பின்கரையில் மஞ்சள் பொட்டு, இப்போது சின்னதாக, விளிம்பெல்லாம் கூர்மையாக. முன்கரையில் ஷஹ்தூத். நடுவில் பள்ளம் சுத்தமாகத் தெரிந்தது.

"மடிச்சுப் பார்த்தா ரெண்டும் ஒட்டிண்டு இருக்கு. எறும்புக்கு நல்ல தூரம்," என்றார் மாதவ்.

டாக்டர் சுஷ்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டு, கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தார். தானே கடுகுப் படத்தில் மடிப்பு மடிப்பாகப் போய்ச் சரிபார்த்தார். அப்புறம் வராந்தா அதிரச் சொன்னார், "முன்பக்கத்திலிருந்து போவேன். பின்கரையைத் தொட மாட்டேன். உங்களை விழிப்பாகவே வைத்துக்கொண்டு, நீங்கள் விரலை ஆட்டிக்கொண்டே இருக்க, எடுப்பேன்." மாசிலாமணி லட்டு வாங்க எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். இந்தத் தடவை எல்லாம் முடிந்த பிறகுதான் லட்டு.

மண்டையைத் திறந்து வைத்துக்கொண்டு விழித்திருப்பது பயங்கரமாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். தோலுக்கு மரத்துப்போக ஊசி போட்டுவிட்டார்கள், மூளைக்கு வலியே தெரியாதாம். போர்த்திய பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் மாதவின் முகம் மட்டும் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் சுஷ்மாவின் குரல். எங்கிருந்து கற்றுக்கொண்டாரோ, தமிழிலேயே கூவினார்.

"கயிறு கை!"

கயிறு கையை ஆட்டினேன். கூடவே ஏதாவது பேசிக்கொண்டிருக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த பேச்சு பதினாறாம் வாய்ப்பாடு. ஓரொன்றும் விடாமல் சொல்லி முடித்துப் பதினேழுக்குப் போனேன். "விரல் நிற்கலை மேடம், நன்னா ஆடறது," என்று டாக்டரிடமே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார் மாதவ், தாம் எந்த மொழியில் பேசுகிறோம் என்பதே தெரியாமல். பத்தொன்பதில் நான் தடுமாறியபோது அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஷஹ்தூத் வெளியே வந்தாச்சு!"

மறுநாள் காலை கண்விழித்ததும் கையைத் தூக்கினேன். தூக்கியதாக நினைத்தேன். கை படுக்கையிலேயே கிடந்தது. பக்கத்தில் நின்ற மாதவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் வாயைத் திறந்து அழவே தொடங்கிவிட்டேன். டாக்டர் சுஷ்மா வந்து என் உள்ளங்கையில் தன் விரலை வைத்தார். "வீக்கம். வடிந்துவிடும். பின்கரையில் என் நகம்கூடப் படவில்லை. இதை அழுத்துங்கள்." அழுத்தினேன். ஒன்றுமில்லை. "இன்னொரு தடவை." கட்டைவிரல் அசைந்தது. ஒரு பொடி அசைவு, என்னை விடவும் முதலில் அவர்தான் உணர்ந்தார். அவர் போட்ட சத்தத்தில் சாவித்திரி ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது, பொய் சொல்லவில்லை. லட்டு வாங்கி வரச் சொல்லி நானே மாசிலாமணியை விரட்டினேன்.

வீட்டுக்கு வந்தபின்னும் மணிக்கட்டுக் கயிற்றை நான் அவிழ்க்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக ஊர் திரும்பின. எல்லா வேலையையும் வலது கையாலேயே செய்து பழக வேண்டும், சாப்பாடு உட்பட, என்று பிசியோதெரபிப் பெண் கட்டளை போட்டிருந்தாள். எந்த அத்தைமாராலும் முடியாததை அவள் சாதித்துவிட்டாள். நான் தரையில் உட்கார்ந்து தயிர் சாதத்தை வலது கையால் பிசைந்துகொண்டிருந்தேன். பாதி வாய்க்குப் போனது, மீதி தாடையிலும் மடியிலும். அந்த நேரம் பார்த்து விருதுநகரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள்.

"ஏய், என்னடி இது?" போனுக்குள்ளேயே நுழைந்துவிடுவது போல முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். "எவ சொன்னா உன்னை அந்தக் கையில திங்கச் சொல்லி? மாப்பிள்ளை வீட்டுல யாராச்சும் வந்திருக்காங்களா? கூப்பிடு மாப்பிள்ளையை!"

மாசிலாமணி அடுக்களைக்குள் பதுங்கிவிட்டார்.

"யாரும் வரலம்மா. இந்தக் கை பழகணும்னு ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்க."

அம்மாவின் குரல் இறங்கியது. "எழுத வருதா?"

அதற்கு நான் இன்னும் முயன்று பார்த்திருக்கவில்லை. பயம். மாசிலாமணி அடுக்களையிலிருந்து மெல்ல வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். எத்தனை நாளாக அதை வைத்துக்கொண்டு அலைந்தாரோ, முனையெல்லாம் மழுங்கியிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எங்கள் வீட்டுப் பச்சை இரும்பு பீரோ முன்னால் நின்றேன். போனை அவர் பிடித்துக்கொண்டார்.

முக்கால், பெருக்கல், மூன்றில் இரண்டு, சமக்குறி. சாக்பீஸ் வழுக்கியது, ஆனால் விழவில்லை. சமக்குறிக்குப் பக்கத்தில் அரை என்று விடையை எழுதினேன். கீழே ஒரு கோடும் போட்டேன்.

"கோணல் மாணலா இருக்கு," என்றாள் அம்மா. "ஒண்ணாப்புல எழுதுன மாதிரியே இருக்குடி." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

நானும் அழுதேன். ஒன்றாம் வகுப்பில் இந்தக் கை பயந்து பயந்து பழகியது. இப்போது ஒருவரும் ஸ்கேல் எடுக்கவில்லை. எத்தனையோ பேர் சேர்ந்து அதைத் தேடிக் கண்டுபிடித்து, பத்திரமாக என்னிடமே திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோணல் எழுத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பழையபடி அதிகாரத்துக்கு வந்தாள். "சரி. எழுதுற வேலை அதுக்கு. சோறு உன் சோத்தாங்கைக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க பாக்குறாங்களா என்ன? மாத்து."

மாற்றினேன். கயிறு கட்டிய கையில் சாக்பீஸை விடாமல் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து, மீதித் தயிர் சாதத்தை மற்றக் கையால் வழித்துச் சாப்பிட்டு முடித்தேன்.